சுலைகாவின் அறையும் ஓவியரின் தூரிகையும்

திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயமான சூரா யூசுபில், அஸீஸின் மனைவிக்குப் பெயர் கிடையாது. 'சுலைகா' என்னும் பெயர் பிற்கால விரிவுரையாளரும் கதை கூறுவோரும் வழங்கியது. அருள்மறை அவளைச் சில இடங்களில் அஸீஸின் மனைவி என்று குறிக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கும் இருபத்து மூன்றாம் வசனத்திலோ, யூசுப் (அலை) அவர்கள் யாருடைய வீட்டில் இருந்தார்களோ அந்தப் பெண் என்று, வீட்டைக் கொண்டே அவளை அடையாளங் காட்டுகிறது. கணவனுடைய பெயருமில்லை, அவளுடைய பெயருமில்லை. வீடுதான் அவளுக்கு முகவரி. இந்தச் சிறு குறிப்பை மனத்திற் கொண்டு, இஸ்லாமிய உலகின் தலைசிறந்த நுண்ணோவியங்களுள் ஒன்றை நாம் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். ஹிராத் நகரத்து ஓவியர் பிஹ்ஸாத் 1488ஆம் ஆண்டில் தீட்டிய யூசுப் - சுலைகா ஓவியமே அது. அந்த ஓவியம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பதும் ஒரு வீடுதான்.

சமய ஓவியத்தைப் பார்ப்பதற்கு நெடுங்காலமாக இரண்டு வழிகளே இருந்துவந்தன. வண்ணம், கோடு, அமைப்பு ஆகியவற்றை வியப்பது ஒன்று. ஓவியம் உணர்த்தும் நீதியையோ ஞானத்தையோ எடுத்துரைப்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு வழி, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. மாபெரும் பெண் கலைஞர்கள் ஏன் தோன்றவில்லை என்று 1971இல் லிண்டா நாக்லின் ஒரு கட்டுரையில் வினவினார். அவ்வினாவைத் தொடர்ந்து பல வினாக்கள் எழுந்தன. இந்த ஓவியத்திற்குப் பொருள் கொடுத்தவர் யார்? தீட்டியவர் யார்? எவருடைய கண்களுக்காக இது தீட்டப்பட்டது? இதில் பெண் எங்கே நிற்கிறாள், ஏழை எங்கே நிற்கிறான்? இவை மேனாட்டிலிருந்து இறக்குமதியான வினாக்கள் என்று நம்மவருள் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. ஆயினும் ஒரு வசனத்தைச் சொன்னவர் யார், யாரை நோக்கிச் சொன்னார், எந்நிலையில் சொன்னார் என்று தோண்டித் துருவிக் கேட்டவர்கள் நம் முஃபஸ்ஸிர்கள். அந்தப் பழக்கத்தை ஓவியத்திற்கும் நீட்டுவதில் பிழையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே மற்றொரு தயக்கத்தையும் கடந்து செல்ல வேண்டும். நபிமார்களை உருவமாகத் தீட்டலாமா? பள்ளிவாசலின் சுவர்களில் உயிருருவங்களுக்கு இடமில்லை. அங்கே எழுத்தும் கொடியும் கணித வடிவங்களுமே ஆட்சி செய்கின்றன. அறிஞர் பெருமக்களிற் பெரும்பாலோர் உருவ ஓவியத்தை ஏற்றதில்லை. என்றாலும் பாரசீகத்திலும் துருக்கியிலும் இந்துஸ்தானத்திலும் அரசவை நூலகங்களில், மூடிவைக்கப்படும் ஏடுகளின் உள்ளே, ஓவியம் வளர்ந்தது என்பது மறுக்கவொண்ணா வரலாறு. நபி யூசுபை அவர்கள் தீட்டியபோது தலையைச் சுற்றிப் பொன்னிறத் தீச்சுடர் ஒன்றை இட்டு மற்ற மாந்தரிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். தீட்டியது சரியா தவறா என்னும் வழக்கை ஃபிக்ஹு நூலாரிடம் விட்டுவிட்டு, தீட்டப்பட்டதை நாம் படிக்கலாம். நம் முன்னோரின் மனத்தைக் காட்டும் சான்றாக அது கிடக்கிறது.

ஹிராத்தை 1469 முதல் 1506 வரை ஆண்ட தைமூரிய மன்னர் சுல்தான் ஹுஸைன் பைகராவுக்காக, ஷைகு சஅதியின் 'பூஸ்தான்' நூல் அழகிய கையெழுத்தில் படியெடுக்கப்பட்டது. அதற்குப் பிஹ்ஸாத் தீட்டிய ஓவியங்களுள் ஒன்று இது. அந்த ஏடு இன்று கெய்ரோ நகரிலுள்ள எகிப்தியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1257இல் இயற்றப்பெற்ற பூஸ்தானில் இந்தக் கதை சிறியது. பாவமன்னிப்பைப் பற்றிய அத்தியாயத்தில் ஓர் எடுத்துக்காட்டாக வருவது. சுலைகா தன் விருப்பத்தை வெளியிடுமுன் தான் வணங்கும் சிலையின் முகத்தைத் துணியால் மூடுகிறாள். கல்லின் முன் நீ நாணும்போது இறைவன் முன் நான் நாண மாட்டேனா என்று யூசுப் கேட்கிறார். அவ்வளவே. அதில் மாளிகை இல்லை, அடுக்கடுக்கான அறைகள் இல்லை.

மாளிகை வேறோரிடத்திலிருந்து வந்தது. ஹிராத்திலேயே வாழ்ந்து 1492இல் மறைந்த மௌலானா ஜாமீ, இந்த ஓவியத்திற்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 1483இல், 'யூசுப் வ சுலைகா' காவியத்தை முடித்திருந்தார். அதில்தான் சுலைகா ஏழு அறைகள் கொண்ட மாளிகையைக் கட்டுவிக்கிறாள். ஒவ்வோர் அறையாக யூசுபை அழைத்துச் சென்று, கடந்துவந்த கதவைப் பூட்டிக்கொண்டே போகிறாள். ஆக, சஅதியின் ஏட்டில் பிஹ்ஸாத் ஜாமீயின் கதையைத் தீட்டிவிட்டார்! ஜாமீயின் அடிகளையே கட்டடத்தின் முகப்பில் எழுத்து வேலைப்பாடாகப் பொறித்தும் வைத்தார். ஓர் ஓவியர் தம் முன்னிருக்கும் பாடத்தை விட்டு வேறொரு பாடத்தைத் தேடிப் போகிறார் என்றால், முதற்பாடம் அவருக்குப் போதவில்லை என்பதுதான் பொருள்.

ஓவியத்தைப் பார்ப்போம். கட்டடம் நமக்கு வெளியேயிருந்தும் உள்ளேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒருங்கே தெரிகிறது. கீழே வாயில், அதன் பின் கதவு, படிக்கட்டு, மீண்டும் கதவு. கண் வளைந்து வளைந்து மேலேறுகிறது. கதவுகள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன. மேலே, வலப்புறத்து அறையில் இருவர். சிவந்த ஆடையணிந்த சுலைகா தரையிலிருந்து பாய்ந்தாற்போல் முன்னே சாய்ந்து பற்ற முயல்கிறாள். பச்சை ஆடையணிந்த யூசுப் விலகி ஓட அடியெடுத்துவிட்டார். வேறு மனிதர் எவருமில்லை. ஜாமீயின் காவியத்தில் ஏழாம் அறையின் சுவர்களிலெல்லாம் அவ்விருவரும் தழுவி நிற்கும் ஓவியங்கள் நிறைந்திருக்கும். பிஹ்ஸாத் அவற்றைத் தீட்டவில்லை. அவருடைய சுவர்களில் ஓடு பதித்த கோலங்களே உண்டு. அடக்கத்தினால் விட்டாரா, அல்லது ஓவியத்துக்குள் ஓவியம் வேண்டாமென்று விட்டாரா, எப்படியிருப்பினும் விளைவு ஒன்றுதான்: காமத்தைத் தூண்டும் அறையாக இருந்தது வெறும் பூட்டிய அறையாக மாறிவிட்டது.

இந்த ஓவியத்திற்கு ஸூஃபி நோக்கில் வழங்கும் விளக்கம் பெயர்பெற்றது. ஏழு வாயில்களும் ஆன்மா கடக்கும் படித்தரங்கள். சுலைகா நஃப்ஸ் என்னும் கீழான மனம், அல்லது இறையழகைக் கண்டு தவிக்கும் உயிர். யூசுப் அந்த அழகின் சாயல். நக்ஷபந்தி வழியைச் சார்ந்த ஜாமீயிடம் இப்பொருள் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. இந்த விளக்கத்தின் பெருமையை நான் குறைத்துரைக்க வரவில்லை. சுலைகாவை வெறும் இழிந்தவள் என்னும் பழியிலிருந்து மீட்டுக் காதலின் ஆசானாக உயர்த்தியதே இந்த மரபுதான். ஆனால் இதிலும் ஓர் இழப்பு உண்டு. பழிப்பவர் அவளைக் காமமாக்கினார். புகழ்பவர் அவளை உவமையாக்கினார். இரண்டுக்கும் நடுவே, ஒரு வீட்டில் வாழ்ந்த ஒரு பெண் காணாமற் போனாள்.

அவளை அந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? ஜாமீயின் சுலைகா மேற்கு நாட்டு மன்னன் மகள். கனவில் கண்ட ஒருவரை மிஸ்ரு நாட்டு அஸீஸ் என்று பிழையாக எண்ணி வந்து வாழ்க்கைப்படுகிறாள். வந்து பார்த்தால் ஆள் வேறு; அவனோ இல்லறத்துக்குத் தகுதியற்றவன். திரும்பிப் போகவும் வழியில்லை. கதவு பூட்டுவது என்றால் என்னவென்று யூசுபுக்குக் காட்டுமுன் அவள் அதைத் தானே அறிந்திருந்தாள். பிஹ்ஸாத் தீட்டிய மாளிகை எகிப்தினுடையது அன்று. ஹிராத்தின் செங்கல்லும் நீல ஓடும் கொண்ட செல்வர் மாளிகை. அத்தகைய மாளிகைகளில் பெண்டிர் பகுதி எப்படி அடைபட்டிருந்தது என்பதை அந்த ஏட்டைப் புரட்டிய அரசவையினர் நன்கறிவர். அவர்கள் கண்ணுக்கு அந்த அடைத்த கதவுகள் அன்றாடக் காட்சி. ஒரு பெண் அவற்றை உள்ளிருந்து பூட்டுகிறாள் என்பதுதான் அதிர்ச்சி.

இவ்வளவும் சொல்லி, பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதோடு நிறுத்திக்கொண்டால், நம் பார்வை ஒற்றைக் கண் பார்வையாகிவிடும். அந்த அறையில் இருக்கும் மற்றவர் யார்? சந்தையில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை! சொற்பக் காசுக்கு அவர் விற்கப்பட்டதை அருள்மறையின் இருபதாம் வசனம் கூறுகிறது. கணவனுக்கு அடங்கியவளாகக் கீழே இருக்கும் அந்தப் பெண், வாங்கிய அடிமையின் முன் எசமானியாக மேலே இருக்கிறாள். அவளுடைய விருப்பம் ஒரு கட்டளையும் கூட. மறுத்தால் என்ன நேரும் என்பதும் பின்னர் தெரிகிறது. குற்றமின்மைக்கான சான்றுகளை எல்லாம் கண்ட பிறகும், அவரைச் சில காலம் சிறையிலிடுவதே நல்லதென்று அந்தப் பெரிய வீட்டார்க்குத் தோன்றியதாக முப்பத்தைந்தாம் வசனம் சொல்கிறது. வீட்டின் மானம் காக்க அடிமை உள்ளே போகிறார். பெண்ணிலை நோக்கு வர்க்க நோக்கையும் கைப்பிடித்துச் செல்லாவிட்டால், எசமானியின் துயரைப் பாடிவிட்டு அடிமையின் சிறையை மறந்துவிடும். பிஹ்ஸாத் இதை நினைத்தாரா என்று கேட்க வேண்டியதில்லை; ஆனால் தம் பெயரை அந்தக் கட்டடத்தின்மேல் எழுதும்போது, 'அப்து' என்னும் சொல்லைச் சேர்த்தே எழுதினார். அடியவர் என்னும் பொருள்பட எழுதும் மரபுச் சொல்தான் அது. எல்லா ஓவியரும் எழுத்தாளரும் இறைவனுக்கு அடியாரென்று அவ்வாறு எழுதினர். எனினும் விலைக்கு வாங்கப்பட்ட ஒருவர் எசமானியிடமிருந்து தப்பியோடும் படத்தில் அச்சொல் இருப்பது பார்ப்பவர் கண்ணை உறுத்தாமற் போகாது.

ஓவியர்கள் விரும்பித் தீட்டிய இன்னொரு காட்சி விருந்து. நகரத்துப் பெண்கள் புறம் பேசுகிறார்கள். அதைக் கேட்ட அஸீஸின் மனைவி அவர்களை அழைத்து, ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து, யூசுபை அவர்கள் முன் வரச் சொல்கிறாள். கண்டவர்கள் தம்மை மறந்து கைகளை அறுத்துக்கொள்கிறார்கள். அருள்மறையில் கத்தி மட்டுமே பேசப்படுகிறது. நாரத்தையும் எலுமிச்சையும் விரிவுரைகளிலும் காவியங்களிலும் சேர்ந்தவை. பாரசீக ஏடுகளில் இக்காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமான விளக்கம், யூசுபின் பேரழகு என்பதாகும். சமுதாய நோக்கில் பார்ப்பவருக்கோ இது வம்புக்கு அவள் அளித்த விடை. தன்னைப் பழித்த உயர்குலத்துப் பெண்களைத் தன்னைப்போலவே ஆக்கிவிடுகிறாள். அதுமட்டுமன்று: யூசுபை அந்தப் பெண்களின் முன் நடக்கச் சொல்லும்போது, பெண்கள் பார்க்க ஆண் காட்சிப்பொருளாகிறார். ஆண் பார்ப்பவன், பெண் பார்க்கப்படுபவள் என்று மேனாட்டு ஓவியத்தைப் பற்றி ஜான் பெர்ஜர் 1972இல் கூறிய கருத்து பலரும் அறிந்தது. இந்த விருந்துக் காட்சியில் அது தலைகீழாகிறது. தலைகீழான போதும் பார்க்கப்படுபவர் அடிமையே என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இனி, நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு செய்திக்கு வருவோம். பெண்களின் சூழ்ச்சி பெரிது என்று குர்ஆனே கூறிவிட்டதாகப் பேச்சாளர் சிலர் முழங்குவதைக் கேட்டிருப்போம். அந்தச் சொற்கள் இருபத்தெட்டாம் வசனத்தில் உள்ளன, மெய்தான். ஆனால் அவை யாருடைய கூற்று? சட்டை பின்புறம் கிழிந்திருப்பதைக் கண்ட ஒருவர் - விரிவுரையாளர் பெரும்பாலோர் கருத்துப்படி அந்தக் கணவர் - சினத்தோடு சொன்னது. அருள்மறை அதை எடுத்துரைக்கிறது. சூழ்ச்சி என்பதற்கு அங்கு வழங்கும் 'கைது' என்னும் அரபுச் சொல்லே, அதே அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தில் யூசுபின் சகோதரர்களைப் பற்றி வருகிறது. எழுபத்தாறாம் வசனத்தில் யூசுபுக்காக இறைவன் வகுத்த திட்டத்தைக் குறிக்கவும் அதே வேர்ச்சொல்தான். சட்டையையும் பாருங்கள். முதலில் அண்ணன்மார் பொய் இரத்தம் தோய்த்துத் தந்தையிடம் காட்டிய சட்டை. பிறகு பின்புறம் கிழிந்து மெய் சொன்ன சட்டை. இறுதியில் தந்தையின் கண்ணொளியை மீட்ட சட்டை. முதற் பொய்யைச் செய்தவர்கள் ஆண்கள், அதுவும் பத்துப் பேர். அதைக் கொண்டு ஆண்குலத்தின் இயல்பு இன்னதென்று எந்தப் பேச்சாளரும் சொல்லக் கேட்டதில்லை.

கிறித்தவ உலகிலும் இந்தக் கதை விரும்பித் தீட்டப்பட்டது. பைபிளின் ஆதியாகமம் முப்பத்தொன்பதாம் அதிகாரத்தில் போத்திபாரின் மனைவிக்கும் பெயரில்லை. யோசேப்பு விட்டுச்சென்ற மேலாடை அங்கே அவள் கையில் பொய்ச்சான்றாகிறது. பொய் சொன்னதோடு அவள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். மனம் மாறும் வாய்ப்பு அவளுக்குத் தரப்படவில்லை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1634இல் செதுக்கிய செப்புத்தகட்டு ஓவியத்தில் அவள் ஆடை விலகிய வெறும் உடலாக, அருவருப்பூட்டும் வகையில் முறுக்கிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறாள். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1655இல், அதே ரெம்பிராண்ட் குற்றஞ்சாட்டும் காட்சியைத் தீட்டினார். இப்போது பெர்லினில் இருக்கும் அவ்வோவியத்தில் அவள் நாற்காலியில் உடையணிந்து அமர்ந்து கணவனிடம் முறையிடுகிறாள். கட்டிலுக்கு அப்பால் யோசேப்பு நிற்கிறார். குற்றம் சாட்டும்போது யோசேப்பு அங்கிருந்ததாக ஆதியாகமம் கூறவில்லை. ஓவியர் தாமே கொண்டுவந்து நிறுத்தினார். மூவரும் ஓர் அறையில் நின்றவுடன், அவள் உடலாக இருந்த நிலை மாறி, அஞ்சிப் பொய் சொல்லும் ஒரு மனிதப் பிறவியாகிறாள். சுவடி ஒன்றேதான், முதிர்ந்தது ஓவியரின் கண்.

பெண்ணொருத்தியின் கை இந்தக் கதையைத் தொட்டபோது நடந்ததுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. இத்தாலியின் பொலோஞா நகரத்தில் ப்ரொபெர்ஸியா தே ரோஸ்ஸி என்னும் சிற்பி இருந்தார். அந்நகரத்து ஸான் பெத்ரோனியோ தேவாலயத்திற்காக, 1520களின் நடுவில், யோசேப்பும் போத்திபாரின் மனைவியும் என்னும் சலவைக்கல் புடைப்புச் சிற்பத்தைச் செதுக்கினார். (ஓவியமன்று, ஆனாலும் இங்கே விட்டுவிட முடியாதது.) கட்டிலில் இருந்தபடியே அவள் எட்டி மேலாடையைப் பற்ற, அவர் ஓடுகிறார். இருவர் உடலிலும் விசை ததும்புகிறது. 1550இல் ஜியார்ஜியோ வஸாரி கலைஞர் வரலாறுகளை எழுதியபோது, அந்த முதற்பதிப்பில் தனி வரலாறு பெற்ற ஒரே பெண் இவர்தாம். பெருமைதான். ஆனால் அச்சிற்பத்தைப் பற்றி வஸாரி என்ன எழுதினார்? இந்தப் பெண் ஓர் அழகிய இளைஞன்மீது கைகூடாக் காதல் கொண்டிருந்தாள், அந்த ஏக்கத்தையே கல்லில் வடித்தாள் என்று எழுதினார். பொறாமை கொண்ட ஓர் ஆண் கலைஞரின் அவதூறால் அவருக்கு உரிய கூலி கிடைக்கவில்லை என்பதையும் அதே வஸாரிதான் பதிந்து வைத்தார். ரெம்பிராண்ட் இதே கதையைத் தீட்டியதற்கு அவர் எந்தப் பெண்ணை நினைத்து ஏங்கினார் என்று எவரும் கேட்டதில்லை. ஆண் வரைந்தால் கலை. பெண் செதுக்கினால் வாக்குமூலம்! தன் கதையின் நாயகியைப் போலவே ப்ரொபெர்ஸியாவும் வம்புக்கு இரையானார்.

இஸ்லாமிய உலகின் பெண் ஆய்வாளர்களும் வாளாவிருக்கவில்லை. மெர்கெரியன், நஜ்மாபாதி ஆகிய இருவர் 1997இல் எழுதிய கட்டுரையில், அழகிய வரலாறு என்று இறைவன் சிறப்பித்த இது யாருடைய வரலாறாகக் காலந்தோறும் சொல்லப்பட்டது என்று ஆராய்ந்தார்கள். நம் தமிழிலும் இக்கதைக்குப் பேரிடம் உண்டு. கவிஞர் சாரணபாஸ்கரனின் 'யூசுப் ஜுலைகா' காப்பியத்தை அறியாத இலக்கிய அன்பர் குறைவு. தலைப்பிலேயே அவளுக்கும் சம இடம் கொடுப்பது பழைய வழக்கம். அந்தச் சமஇடம் உள்ளேயும் கிடைக்கிறதா என்று காப்பியந்தோறும் பார்ப்பது தனிக் கட்டுரைக்குரியது.

ஓவியரின் தூரிகை பூட்டிய அறையையும் விருந்தையும் நாடிய அளவுக்கு நாடாத ஒரு காட்சி இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து மன்னர் யூசுபை விடுதலை செய்து அழைத்துவர ஆளனுப்புகிறார். யூசுப் (அலை) உடனே வெளியே வரவில்லை. கைகளை அறுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்னவென்று மன்னர் முதலில் விசாரிக்கட்டும் என்று தூதனைத் திருப்பி அனுப்புகிறார்கள். அஸீஸின் மனைவியை அங்கே அவர்கள் குறிப்பிடவேயில்லை. மன்னர் பெண்களைக் கூட்டி விசாரிக்கிறார். அவரிடம் எந்தத் தீங்கையும் நாங்கள் காணவில்லை என்கிறார்கள் அவர்கள். அப்போது, எவரும் பெயர் சொல்லாத அவள் தானே எழுந்து, உண்மை இப்போது வெளிப்பட்டுவிட்டது, அவரை வசப்படுத்த முயன்றவள் நான்தான், அவர் உண்மையாளர் என்று சபை நடுவே கூறுகிறாள். ஐம்பத்தொன்றாம் வசனம் இது. அதை அடுத்து, மனம் தீமையைத் தூண்டுவது, என் மனத்தைக் குற்றமற்றதென்று நான் சொல்ல மாட்டேன் என்னும் கருத்தமைந்த சொற்கள் வருகின்றன. அவற்றைச் சொன்னவர் யூசுப் என்பது தபரீ போன்றோர் கொள்கை. அவையும் அவளுடைய சொற்களே என்பது இப்னு கஸீர் கொண்ட முடிவு. அந்த முடிவின்படி, நஃப்ஸைப் பற்றி முஸ்லிம் உலகம் ஓயாமல் மேற்கோள் காட்டும் அந்தப் பேருண்மை, நஃப்ஸுக்கே உவமையாக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. பூட்டிய அறை இல்லை, கட்டில் இல்லை, கத்தி இல்லை. திறந்த சபையில் மன்னரின் முன் அவள் நின்று பேசுகிறாள். யூசுப் இன்னும் சிறையில் இருக்கிறார்கள்.